வீடு மாறும் வாரங்களில் மனச்சுமையைக் குறைப்பது எப்படி?

ஏழு வாரங்களில் வீடு மாற வேண்டும், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், பள்ளியில் படிக்கும் மகளும் எழுபது வயதைக் கடந்த தாயாரும் உடன் இருக்கிறார்கள், சாமான் ஏற்றும் நிறுவனத்துக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று, ஆனாலும் இரவில் தூக்கம் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். வீடு மாறுவது நெருங்கிய உறவின் மரணத்துக்கு அடுத்த நிலையில் வைக்கப்படும் துயரம் என்று கேள்விப்பட்டது உண்மையா என்றும், கிடைத்திருக்கும் நான்கு நாள் விடுப்பை மாறுவதற்கு முன் எடுப்பதா, பின் எடுப்பதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பெட்டி கட்டும் முறையைத் தெரிந்துகொள்வது உங்கள் முதல் நோக்கம் இல்லை என்று எனக்குப் படுகிறது. ஏற்பாடுகள் நடந்துகொண்டிருக்கும்போதும் மனம் ஏன் அடங்க மறுக்கிறது, அதற்கு உருப்படியாகச் செய்யக்கூடியது என்ன என்பதையே கேட்கிறீர்கள். அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் உளவியல் படித்துவிட்டு, வீட்டுச் சாமான்களை இடம் மாற்றும் தொழிலில் மேற்பார்வையாளராகப் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். படிப்பும் தொழிலும் சேர்ந்து என்னைக் கொண்டுவந்து நிறுத்திய முடிவு ஒன்றுதான். வீடு மாறுகிறவர்களைச் சோர வைப்பது சாமான்களின் எடை இல்லை. முடிவெடுக்காமல் தள்ளிப்போட்ட நூற்றுக்கணக்கான சிறு விஷயங்கள் கடைசி மூன்று நான்கு நாள்களில் ஒன்றாக வந்து நிற்பதுதான். பெரிய வீட்டை நிதானமாகக் காலி செய்துவிட்டுப் போன குடும்பங்களையும், இரண்டே அறைகள் உள்ள வீட்டில் லாரி வாசலுக்கு வந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் கண்கலங்கி நின்ற குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். இது என் தொழில் அனுபவம் சொல்வது. ஆய்வு முடிவு என்று இதைச் சொல்லமாட்டேன். ஆனால் இதை விளக்க உதவும் ஆய்வுகள் சில இருக்கின்றன. எவை உறுதியானவை, எவை ஐயத்துக்குரியவை என்பதை அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த மரண ஒப்பீடு. 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்டு ராஹே என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், வாழ்க்கையில் நேரும் 43 நிகழ்வுகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் மனிதர் எவ்வளவு ஈடுகொடுத்துச் சரிசெய்துகொள்ள வேண்டியிருக்கிறது என்று மதிப்பெண் கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100, மணமுறிவுக்கு 73. குடியிருப்பு மாற்றத்துக்குக் கிடைத்தது 20. பட்டியலில் அதன் இடம் 32. ஆகவே மரணத்துக்கு அடுத்தது வீடு மாறுவதுதான் என்ற பேச்சுக்கு, எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்தப் பட்டியலிலேயே ஆதாரம் இல்லை. இதைப் படித்ததுமே உங்கள் அச்சத்தில் ஒரு பகுதி குறையும் என்று நம்புகிறேன். ஆனால் உங்கள் துன்பம் கற்பனை என்று இதற்குப் பொருளில்லை. அதே பட்டியலில் வாழும் சூழல் மாறுவதற்கு 25, பள்ளி மாறுவதற்கு 20, தூங்கும் வழக்கம் மாறுவதற்கு 16 என்று தனித்தனியே மதிப்பெண்கள் உள்ளன. வீடு மாறும் குடும்பத்துக்கு இவை எல்லாம் ஒரே மாதத்தில் வந்து சேர்கின்றன. குடியிருப்பு மாற்றத்தின் 20-ஐயும் சேர்த்து அவற்றைக் கூட்டினால் 81 வருகிறது. சிலருடைய மதிப்பீட்டின் சராசரியாகப் பிறந்த எண்கள் என்பதால் இந்தக் கூட்டலை ஓர் அடையாளமாக மட்டுமே கொள்ளுங்கள். வீடு மாறுவது ஒற்றை நிகழ்வாக வராமல் பல நிகழ்வுகளைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்பதே நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது.

இன்னொரு வேறுபாட்டையும் மறக்கக் கூடாது. தானாக விரும்பி மாறுவதும் வேறு வழியில்லாமல் வெளியேற்றப்படுவதும் ஒன்றல்ல. பாஸ்டன் நகரின் வெஸ்ட் எண்டு பகுதி இடிக்கப்பட்டபோது அங்கிருந்து அகற்றப்பட்ட மக்களை ஆராய்ந்த மார்க் ஃபிரைடு, இழந்த வீட்டுக்காகப் பலர் இறந்தவர்களுக்காகத் துக்கப்படுவதைப் போலவே நெடுநாள் துக்கப்பட்டதை 1963-இல் எழுதினார். நீங்கள் விரும்பித்தான் மாறுகிறீர்கள் என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. ஆனால் உங்கள் தாயாருக்கு அது விருப்பமா என்று எழுதவில்லை. ஒரே வீட்டிலிருந்து ஒரே லாரியில் புறப்படுகிறவர்களில் ஒருவருக்கு அது முன்னேற்றமாகவும் மற்றொருவருக்கு வெளியேற்றமாகவும் இருக்கக்கூடும். அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இப்போது தூக்கத்துக்கு வருவோம். முடிக்காமல் விட்ட வேலைகள் மனத்தில் திரும்பத் திரும்ப எழும் என்பது எல்லோருடைய அனுபவம். மசிகாம்போ, ராய் பாமைஸ்டர் ஆகிய இருவர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதில் பயனுள்ள ஒன்றைக் காட்டியது. முடியாத வேலை மனத்தை அரிப்பதை நிறுத்த அந்த வேலையை முடித்தே ஆகவேண்டும் என்பதில்லை. அதை எப்போது, எங்கே, எப்படிச் செய்வோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அரிப்பு பெரிதும் அடங்கிவிடுகிறது. மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 2018-இல் 57 இளைஞர்களைக் கொண்டு நடத்திய சோதனையில், படுக்கப் போகுமுன் ஐந்து நிமிடம் செலவிட்டு இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு விரைவில் தூக்கம் வந்தது. சிறிய ஆய்வு, ஆய்வகத்தில் ஓர் இரவு, எல்லோரும் இளையவர்கள். எனவே உங்களுக்கும் அதே 9 நிமிடம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் செலவில்லாத, தீங்கில்லாத முயற்சி என்பதால் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.

எழுதும் விதம் முக்கியம். "சமையலறையைப் பார்க்க வேண்டும்" என்று எழுதுவது கவலையைத் தாளில் இறக்கி வைப்பது மட்டுமே. அது திட்டம் ஆகாது. "சனிக்கிழமை காலை மேல் அலமாரியில் உள்ள, ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் பாத்திரங்களைக் கட்டிவிடுவேன், அன்று முடியாவிட்டால் ஞாயிறு மாலை" என்று எழுதினால் மனம் அதை விட்டுவிடுகிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு வேலை, ஒரு நாள், பொறுப்பேற்கும் ஒருவருடைய பெயர் ஆகிய மூன்றும் இருக்கட்டும். இருவரும் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிய வேலையை யாரும் பார்ப்பதில்லை, அதை வைத்துத்தான் தம்பதிகளுக்குள் சண்டை தொடங்குகிறது என்பதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். பட்டியல் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒருவருடைய கைப்பேசியில் பாதியும் மற்றவருடைய நினைவில் பாதியும் இருந்தால் இரண்டு பேருமே கவலைப்படுவீர்கள்.

பட்டியல் போட்ட பிறகு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்கிடுவீர்கள். அந்தக் கணக்கு பெரும்பாலும் தவறிப்போகும் என்பதை இப்போதே ஏற்றுக்கொள்ளுங்கள். ராஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்கள் சராசரியாக 33.9 நாள்களில் முடித்துவிடுவோம் என்று மதிப்பிட்டார்கள், உண்மையில் 55.5 நாள்கள் ஆயின. எல்லாமே மோசமாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது அவர்கள் சொன்ன 48.6 நாள்களையும் அது தாண்டிவிட்டது. நல்ல வேகத்தில் வேலை செய்யும் ஒரு நாளை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற எல்லா நாள்களையும் அப்படியே எண்ணிவிடுவது மனித இயல்பு. இதற்கு மாற்று எளிது. ஒரே ஓர் அலமாரியை இந்த வாரமே முழுமையாகக் கட்டிப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதை வைத்து வீட்டின் மற்ற பகுதிகளைக் கணக்கிடுங்கள். வருகிற விடையில் பாதியை மேலும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தப் பாதி என் தொழில் வழக்கம். அப்படிக் கூட்டிக்கொண்டவர்கள் கடைசி இரவில் கண்விழித்துப் பார்த்ததில்லை என்பதால் அதைக் கைவிடாமல் வைத்திருக்கிறேன். சமையலறைக்கு எல்லோரும் குறைவாகவே நேரம் ஒதுக்குகிறார்கள். மற்ற எந்த அறையையும்விட அதுதான் அதிக நேரம் எடுக்கும்.

எதைக் கொண்டுபோவது, எதை விடுவது என்ற கேள்வியே முடிவுகளில் மிகப் பெரிய பங்கு. இதைக் கட்டும்போதே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதுதான் கடைசி நாள்களின் நெருக்கடிக்கு முதற்காரணம். பொருள் ஒன்று நம்முடையதாகிவிட்டால் அதன் மதிப்பு நம் கண்ணில் ஏறிவிடுகிறது. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்டு தேலர் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட சோதனைகளில், சற்றுமுன் கையில் கொடுக்கப்பட்ட சாதாரணக் காப்பிக் கோப்பையை விற்க ஒருவர் கேட்ட விலை, அதை வாங்க மற்றவர் தர முன்வந்த விலையைப் போல ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. இருபது ஆண்டுகளாக வீட்டில் இருக்கும் பொருளைப் பற்றிக் கேட்க வேண்டுமா? ஆகவே இது வேண்டுமா என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றே விடை வரும். இது இன்று நம்மிடம் இல்லாவிட்டால், புது வீட்டுக்காக விலை கொடுத்து வாங்கி வருவோமா என்று கேட்டுப் பாருங்கள். பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் உள்ளவற்றில் தொடங்குங்கள். புகைப்படங்கள், கடிதங்கள், மறைந்தவர்களின் பொருள்கள் ஆகியவற்றை இப்போது பிரிக்கவே வேண்டாம்; ஒரு பெட்டியில் போட்டு மூடி அப்படியே கொண்டுபோங்கள். அவற்றைப் பிரிக்க வேறு காலம் வரும். இடமில்லாத காரணத்தால் விட்டுவிட்டே ஆகவேண்டிய நினைவுப் பொருள் ஏதேனும் இருந்தால் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாணவர் விடுதிகளில் நடத்திய ஒரு களச் சோதனை 2017-இல் வெளிவந்தது. நினைவுப் பொருள்களைப் படமெடுத்துக்கொள்ளச் சொன்ன இடத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலாகப் பொருள்கள் தானத்துக்கு வந்தன. மற்றொருவருடைய பொருளை அவர் இல்லாதபோது கழிப்பதை மட்டும் எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். குழந்தைக்கும் முதியவருக்கும் அது பல ஆண்டுகள் ஆறாத காயமாக நின்றுவிடுகிறது.

முடிவெடுத்து முடிவெடுத்து மனவலிமை தீர்ந்துபோகும், ஆகவே ஒரு நாளில் இத்தனை முடிவுகளுக்கு மேல் எடுக்காதீர்கள் என்ற அறிவுரையை நீங்கள் பல இடங்களில் படித்திருக்கலாம். 1998 முதல் வளர்ந்த அந்தக் கருத்து ஐயத்துக்குரியது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து ஒரே முறையில் சோதித்தபோது அந்த விளைவு ஏறக்குறைய இல்லை என்றே வந்தது. எனவே எண்ணிக்கை வைத்து முடிவுகளைத் தடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பசியோடும் தூக்கக் கலக்கத்தோடும் உட்கார்ந்து கழித்துப் பிரிக்கும் வேலையைச் செய்யாமல் இருந்தால் போதும்.

கட்டும் வேலையைப் பற்றி, மனச்சுமையோடு நேரடித் தொடர்புள்ள சிலவற்றை மட்டும் சொல்கிறேன். புத்தகங்களைப் பெரிய பெட்டியில் அடைக்காதீர்கள். 40 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள பெட்டியில் புத்தகத்தை நெருக்கி அடுக்கினால் ஏறத்தாழ 25 கிலோ வந்துவிடும். எல்லாம் உகந்த நிலையில் இருக்கும்போதும் ஒரு தொழிலாளி தூக்கலாம் என்று அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு நிறுவனம் 1991-இல் திருத்தி வகுத்த உச்ச எடையே 23 கிலோதான். வீட்டில் பழக்கமில்லாதவர்கள் தூக்கும் பெட்டி 15 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது. முதுகுப் பிடிப்போடு புது வீட்டில் முதல் வாரத்தைக் கழிப்பதைப் போன்ற துன்பம் வேறில்லை. தட்டுகளைப் படுக்கையாக அடுக்காமல் நிற்கவைத்துக் கட்டுங்கள். பெட்டியின் மேல்மூடியில் எழுதினால் அடுக்கியபின் தெரியாது. இரண்டு பக்கவாட்டிலும், புது வீட்டில் அது போய்ச் சேரவேண்டிய அறையின் பெயரை முதலிலும் உள்ளே இருப்பதை அதற்குக் கீழும் எழுதுங்கள். கட்டில், மேசை ஆகியவற்றைக் கழற்றும்போது திருகாணிகளைச் சிறு பையில் போட்டு அந்தந்தப் பொருளோடு டேப் வைத்து ஒட்டிவிடுங்கள். ஃபிரிட்ஜை முதல் நாளே நிறுத்திப் பனியை உருகவிட்டுத் துடைத்து வையுங்கள்; நிமிர்த்தியே கொண்டுபோகச் சொல்லுங்கள். படுக்கவைத்துக் கொண்டுபோக நேர்ந்தால், கம்ப்ரசரின் எண்ணெய் திரும்பி வடியும்வரை சில மணிநேரம் நிமிர்த்தி வைத்த பிறகே மின் இணைப்புக் கொடுக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது கையேட்டுக்குக் கையேடு மாறுபடும். முன்புறம் திறக்கும் வாஷிங் மெஷினுக்கு, வாங்கும்போது உடன் வந்த போல்ட்டுகளை மாட்டி டிரம்மை அசையாமல் நிறுத்தாவிட்டால் வழியிலேயே பழுதாகக்கூடும்.

நிறுவனத்தாரிடம் இன்னும் பேசவேண்டியது ஒன்று இருக்கிறது. அவர்களிடமிருந்து ஒருவர் நேரில் வந்து சாமான்களைப் பார்த்து எழுத்தில் கணக்குக் கொடுத்தாரா என்று பாருங்கள். தொலைபேசியில் சொன்ன கணக்கு ஏற்றும் நாளில் ஏறும், தகராறும் அங்கேதான் தொடங்கும். மேல்மாடியா, லிஃப்ட் உண்டா, லாரி வாசல் வரை வருமா என்பவற்றையும் அந்தத் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். விலையுயர்ந்தவற்றை ஏற்றுவதற்கு முன் படமெடுத்து வையுங்கள். உடைந்தால் யார் பொறுப்பு, காப்பீடு எதுவரை என்பதை எழுத்தில் வாங்குங்கள். நகை, சான்றிதழ், பத்திரம், மருந்து ஆகிய நான்கும் எவ்வளவு நம்பிக்கையான ஆள்கள் வந்தாலும் லாரியில் ஏறக் கூடாது. இது அவர்கள்மேல் கொள்ளும் சந்தேகமில்லை. அவை கண்முன் இருந்தால்தான் அன்று முழுவதும் உங்கள் மனம் மற்ற வேலைகளில் நிற்கும்.

மாறும் நாளில் வீட்டார் எல்லோரும் ஆள்களுக்குக் கட்டளையிடுவது வழக்கமாக நடப்பது. ஒரு சோபாவை மூன்று பேர் மூன்று இடத்தில் வைக்கச் சொல்லி, நான்காம் முறை தூக்க ஆள்கள் மறுத்ததும் உண்டு. பழைய வீட்டில் ஒருவரும் புது வீட்டில் ஒருவரும் மட்டும் சொல்ல வேண்டும் என்று முன்னதாகவே முடிவு செய்யுங்கள். புது வீட்டின் ஒவ்வொரு அறைக் கதவிலும், பெட்டியில் எழுதிய அதே பெயரை எழுதி ஒட்டுங்கள். பெரிய சாமான்கள் நிற்கும் இடத்தைத் தாளில் வரைந்து, அளவெடுத்துப் பார்த்து வையுங்கள். கேள்வி கேட்க வேண்டிய தேவை ஆள்களுக்கு எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு அமைதி உங்களுக்குக் கிடைக்கும்.

மகளைப் பற்றி. ஷிகேஹிரோ ஓயிஷி, உல்ரிச் ஷிம்மாக் ஆகியோர் 2010-இல், 7,108 அமெரிக்கர்களைப் பத்தாண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வை வெளியிட்டார்கள். சிறுவயதில் அடிக்கடி வீடு மாறியவர்களிடம் பிற்கால மனநிறைவு குறைவாக இருந்தது. ஒதுங்கிப் பழகும் இயல்புள்ளவர்களிடம் அந்தத் தொடர்பு வலுவாகவும் மற்றவர்களிடம் மிகக் குறைவாகவும் இருந்தது. இதைப் படித்துக் கலங்க வேண்டாம். அது திரும்பத் திரும்ப மாறியவர்களைப் பற்றியது. அடிக்கடி மாறும் குடும்பங்களில் வேலை இழப்பு, பிரிவு போன்ற வேறு காரணங்களும் கலந்திருக்கக்கூடும் என்பதால், மாறியதுதான் காரணம் என்று அறுதியிட்டும் சொல்ல முடியாது. உங்கள் மகள் எளிதில் நண்பர்களைத் தேடிக்கொள்ளாதவள் என்றால் கூடுதல் கவனம் கொடுங்கள் என்பதே அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது. மாறப்போவதை அவளிடம் முன்னதாகவே சொல்லுங்கள். புது வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒருமுறையேனும் அழைத்துச் செல்லுங்கள். அவளுடைய அறையில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதை அவளே முடிவு செய்யட்டும். மாறுவதா வேண்டாமா என்ற முடிவு அவளிடம் இல்லை; அவளிடம் உண்மையாகவே விடக்கூடிய முடிவுகளை முழுமையாக விட்டுவிடுங்கள். பழைய நண்பர்களிடம் விடைபெற நேரம் ஒதுக்கிக் கொடுங்கள். அழுதால் புது வீடு எவ்வளவு நன்றாக இருக்கும் என்று உடனே சமாதானம் சொல்லத் தொடங்காமல், அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருங்கள்.

தாயாரைப் பற்றித்தான் எனக்கு அதிக அக்கறை. முதியவர்கள் இடம் மாறும்போது குழப்பமும் பதற்றமும் உறக்கக் கேடும் ஏற்படுவது செவிலியர் துறையில் நன்கு அறியப்பட்ட ஒன்று. 1992-இல் வட அமெரிக்கச் செவிலியர் அமைப்பு அதைத் தனி நோயறிதலாகவே பட்டியலில் சேர்த்தது. ஒவ்வொருவருக்கும் அது வரும் என்பதில்லை. முடிவில் பங்கு கொடுக்கப்பட்டவர்கள் எளிதாகப் பழகிக்கொள்வதை நான் தொடர்ந்து கண்டிருக்கிறேன். அவருடைய கட்டில் எந்தப் பக்கம் பார்த்திருந்தது, கைக்கெட்டும் தூரத்தில் எவை இருந்தன, விளக்கின் சுவிட்ச் எந்தப் பக்கம் என்பதைப் படமெடுத்து, புது அறையிலும் இயன்றவரை அப்படியே அமையுங்கள். இரவில் எழுந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் முதல் நாளிலிருந்தே சிறு விளக்கு எரியட்டும். அந்த வழியில் ஒரு பெட்டியும் இருக்கக் கூடாது. பழைய வீட்டில் அவருடைய கால்கள் இருட்டிலும் வழி அறிந்திருந்தன. புது வீட்டில் அறியா. விழுந்துவிடும் ஆபத்து அங்கேதான். இரண்டு வாரத்துக்குத் தேவையான மருந்துகளும் மருந்துச் சீட்டின் நகலும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். மாறும் நாளில் அவரை உறவினர் வீட்டில் விடலாமா என்று அவரையே கேளுங்கள். இரைச்சலும் புழுதியும் வேண்டாம் என்று சிலர் மகிழ்ச்சியோடு போவார்கள். தாம் இல்லாமல் வீட்டைக் காலி செய்துவிட்டார்களே என்று சிலர் வருந்துவார்கள். நினைவிழப்பு நோயின் அறிகுறிகள் அவருக்கு இருந்தால், நான் இங்கே சொல்வது போதாது. மாறும் தேதியை உறுதி செய்யுமுன் அவருடைய மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

முதல் இரவில் உங்கள் எல்லோருக்குமே தூக்கம் குறையும். அதைக் கெட்ட அறிகுறியாக எண்ண வேண்டாம். பழக்கமில்லாத இடத்தில் முதல் இரவில் மூளையின் இடப்பாதியின் ஒரு பகுதி ஆழ்ந்து உறங்காமல், அயல் ஒலிகளுக்குக் கூடுதலாக விழிப்புக் காட்டுவதை 2016-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மசாகோ தமாகி, யூகா சசாகி குழுவினர் அளந்து காட்டினார்கள். அதே இடத்தில் மறுமுறை உறங்கியபோது அந்த வேறுபாடு காணப்படவில்லை. உடல் தன் காவலைச் செய்கிறது, விரைவில் விட்டுவிடும். இதை முன்னிட்டு, புது வீட்டில் முதலில் விரிக்க வேண்டியது படுக்கைகளைத்தான். கட்டில்கள், துவைக்காத பழைய விரிப்பு, பழைய தலையணை, திரைச்சீலை, ஒரு மாற்று உடை, சோப்பு, துண்டு, சார்ஜர், கத்தரிக்கோல் ஆகியவை லாரியில் கடைசியாக ஏறி முதலில் இறங்கட்டும். சமையலறை மறுநாள் வரை காத்திருக்கலாம். படுக்கைகள் காத்திருக்கக் கூடாது.

அதன் பின்வரும் வாரங்களைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை. பெட்டிகள் வந்து சேர்ந்ததும் எல்லாம் முடிந்தது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் என்னிடம் பின்னர் பேசியவர்களில் பலர், மாறிய பிறகுதான் மிகவும் சோர்ந்துபோனதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெண்டி வுட்டும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மக்கள் அன்றாடம் செய்பவற்றில் ஏறத்தாழ 43 விழுக்காடு, ஒரே சூழலில் நாள்தோறும் செய்து பழகியதால் கவனமில்லாமலே நடப்பவை. வீடு மாறியதும் அந்தச் சூழல் போய்விடுகிறது. சுவிட்ச் எங்கே, கரண்டி எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்பினால் நேரத்துக்குப் போகலாம் என்று முன்பு எண்ணிப் பாராதவற்றை எல்லாம் எண்ணிச் செய்ய வேண்டியிருக்கிறது. ஆகவே முதல் மூன்று வாரங்களில் எரிச்சலும் மறதியும் கூடினால் குணம் கெட்டுவிட்டதாக ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள். இதில் நன்மையும் உண்டு. பாஸ் வெர்பிளாங்கன், டெபோரா ராய் இருவரும் 2016-இல் காட்டியபடி, வீடு மாறிய முதல் மூன்று மாதங்களுக்குள் இருப்பவர்களிடம் புதுப் பழக்கங்களை ஏற்படுத்துவது எளிதாக இருக்கிறது. நீண்ட நாளாக நினைத்திருந்த மாலை நடையோ, படுக்கையறைக்குக் கைப்பேசி வராமல் இருப்பதோ, எதுவானாலும் அப்போது தொடங்கலாம். தூக்கமின்மையும் கலக்கமும் மாறிய ஒரு மாதத்துக்குப் பிறகும் குறையாமல், வேலையையே கெடுக்கும் அளவுக்கு நீடித்தால், அல்லது இப்போதே அப்படி இருந்தால், பட்டியல்களால் தீரக்கூடியது இல்லை என்று கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக உங்கள் நான்கு நாள் விடுப்பு. கிட்டத்தட்ட எல்லோரும் அதை முன்னால் செலவழிக்கிறார்கள். நான் பின்னால் வைக்கச் சொல்வேன். மாறுவதற்கு முன் உள்ள வேலைகளை ஏழு வாரங்களின் மாலை நேரங்களுக்கும் வார இறுதிகளுக்கும் பகிர்ந்துவிட முடியும். இன்று ஓர் அலமாரி, நாளை ஒரு பரண் என்று அவை துண்டாகக் கூடியவை. மாறிய பின் உள்ள வேலைகள் அப்படித் துண்டாகா: படுக்கை, கழிப்பறை, சமையலறை, தாயாரின் அறை, மகளின் பள்ளிப்பை ஆகிய ஐந்தும் உடனே ஒழுங்குக்கு வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு காலையும் தேடலில் தொடங்கும். எனவே மாறும் நாளுக்கு ஒன்று, அதற்கு அடுத்துத் தொடர்ந்து இரண்டு என மூன்று நாள்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்காவது நாளை இரண்டு வாரம் தள்ளி, முகவரி மாற்றங்களுக்கும் அதுவரை பிரிக்காமல் மீந்த பெட்டிகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் துணைக்கும் விடுப்பு உண்டென்றால் இருவரும் ஒரே நாள்களை எடுக்காதீர்கள். மாறும் நாளில் மட்டும் இருவரும் இருந்துகொண்டு, மற்றவற்றை அடுத்தடுத்து அமைத்தால், தாயார் புது வீட்டில் தனியாக இருக்க வேண்டிய முதல் பகல் ஒரு வாரத்துக்குப் பிறகே வரும்.